சூசை மேஸ்திரி கட்டிய ஜப்பான் கயிறு

தருமபுரி பஸ் நிலையத்தின் நான்கு எல்லைகள் மீதும், பதினெட்டு வருடமாக நான் உட்கார்ந்து தேய்த்த டைம்கீப்பர் ஸ்டூலின் மீதும் ஆணையிட்டுச் சொல்கிறேன்: இப்போது நான் எழுதப்போவதை நீங்கள் ஒருவரும் நம்பமாட்டீர்கள். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. என் மனைவி கல்யாணமான நாளிலிருந்து என்னை நம்பாமலேதான் குடும்பம் நடத்துகிறாள், நன்றாகவே நடக்கிறது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. இண்டூர் பஸ் பன்னிரண்டு நிமிடம் தாமதமாக வந்து நின்றது. கண்டக்டரைத் திட்டுவதற்காகத் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தேன். அவர் என் பக்கம் வந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சூசை மேஸ்திரி போயிட்டாருங்க. காத்தால பம்புசெட்டு ஒண்ணப் பிரிச்சுப் போட்டு உக்காந்திருந்தாராம். அப்படியே சாஞ்சுட்டாருங்க."

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். சாகிற ஆள் சொல்லிவிட்டாவது சாக வேண்டாமா? அந்த மனிதர் என்னிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது. ஒரே ஒரு கேள்வி. ஆறு வருடமாக நான் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கேட்காமலே போய்விட்டார்.

எங்கள் பஸ் கம்பெனியில் வேலை செய்தவர்களுக்குச் சூசைராஜை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: எங்கள் முதலாளியிடம் ஆறு பஸ்கள் இருந்தன. அந்த ஆறுக்கும் ஷெட்டில் ஃபோர்மேன் அவர்தான். ஃபோர்மேன் என்றால் அவருக்குப் பிடிக்காது, மேஸ்திரி என்றுதான் கூப்பிட வேண்டும். குட்டையான ஆள். பஸ்ஸுக்கு அடியில் குனியாமலே நடந்து போவார் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். மாரண்டஹள்ளியில் பஸ் இருமினால் தருமபுரியில் இருந்தபடியே எந்த சிலிண்டர் என்று சொல்லிவிடுவார் என்றும் சொன்னேன். பாலக்கோட்டில் ஒருவர் அதை நம்பித் தன் மாட்டுக்கு வைத்தியம் கேட்க வந்துவிட்டார். மேஸ்திரி என்னை அரை நாள் திட்டினார். மாட்டையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

எல்லா வினையும் ஒரு பத்திரிகையில் ஆரம்பித்தது. அறுபதுகளின் கடைசி. பாதிரியார் பங்களாவைச் சுத்தம் செய்தபோது, கிரீஸ் துடைக்க ஆகட்டும் என்று பழைய காகிதக் கட்டு ஒன்றை எங்கள் ஷெட்டுக்குக் கொடுத்தார்கள். அதற்குள் ஓர் ஆங்கிலப் பத்திரிகை. அதில் ஒரு ஜப்பான் கார் கம்பெனியின் கதை, படங்களோடு. கம்பெனியின் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் அது விளம்பரம். அவர்கள் இன்றுவரை எனக்கு ஒரு ஹாரன்கூட அனுப்பி வைத்ததில்லை.

மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷையும் ஓர் அகராதியையும் வைத்துக்கொண்டு, சாயங்கால டீக்கு இரண்டு வரி என்று மேஸ்திரி அதைப் படித்தார். நாங்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்டாக வேண்டும். டிரைவர் மாரிமுத்து கேட்பார். பஸ் கழுவும் முனியம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாளியின் மேல் உட்கார்ந்து கேட்பாள். நான் கேட்கமாட்டேன், ஆனால் டீ அங்கேதான் கிடைக்கும்.

கதை இதுதான். அந்தக் கம்பெனியை ஆரம்பித்தவரின் அப்பா தறி செய்தவர். அவர் தறியில் ஒரு விசேஷம். ஓடும்போது ஒரே ஓர் இழை அறுந்தாலும் தறி தானாக நின்றுவிடும். மகன் அந்தத் தறியைப் பார்த்து வளர்ந்தவர். தறி வேண்டாம், நான் கார் செய்கிறேன் என்று கிளம்பினார். ஊரே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, எஞ்சின் எண்ணெயில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். முதலாளியே எண்ணெயில் கையை விட்டால் தொழிலாளி எப்படி விடாமல் இருப்பான்?

"நம்ம மொதலாளி எண்ணெயில கைய விட்டுப் பாத்திருக்கியா?" என்றார் மேஸ்திரி.

"பஜ்ஜி எடுக்கறப்ப விட்டிருக்காருங்க" என்றாள் முனியம்மா.

அந்தக் கம்பெனியின் பட்டறையில் ஒரு கயிறு கட்டியிருக்கிறார்களாம். யார் கண்ணில் பிழை பட்டாலும் கயிற்றை இழுக்கலாம். இழுத்தால் வேலை நிற்கும். இழுத்தவரை யாரும் திட்டக் கூடாது, நன்றி சொல்ல வேண்டும். பிறகு எல்லோரும் கூடி நின்று ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்பார்களாம். ஐந்தாவது ஏனுக்கு வேர் கையில் வந்துவிடுமாம்.

மேஸ்திரி அகராதியை மூடி என் பக்கம் திரும்பினார். "இது நம்ம கண்டக்டர் கயிறுதானுங்களே கோவிந்து! ஒரு மணி அடிச்சா நில்லு, ரெண்டு மணி அடிச்சா போ. ஜப்பான்காரன் அத பட்டறைக்குள்ள கட்டிப்புட்டான், அவ்வளவுதான்."

மறுநாளே, கழித்துப் போட்ட பஸ் ஒன்றிலிருந்து மணியையும் கயிற்றையும் கழற்றி வந்து ஷெட்டின் உத்தரத்தில் கட்டிவிட்டார். அன்றிலிருந்து என் நிம்மதி போயிற்று.

முதலில் கயிற்றை இழுத்தது முனியம்மாதான். ஐந்தாம் நம்பர் பஸ்ஸில் மட்கார்டு நட்டு ஒன்று ஆடிக்கொண்டிருந்ததாம். டங்! மேஸ்திரி ஓடி வந்து, "நன்றிங்க முனியம்மா" என்று கைகூப்பினார். அவள் வெட்கத்தில் வாளியோடு சுவருக்குப் பின்னால் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஷெட்டில் இருந்த எல்லோரும் நின்றுகொண்டு ஏன், ஏன் என்று கேட்டார்கள். நட்டு ஏன் ஆடுது? வாஷர் இல்லை. வாஷர் ஏன் இல்லை? இப்படியே போய், கடைசியில் வாஷர் டப்பாவுக்கு மூடி இல்லை என்று கண்டுபிடித்து மூடி செய்தார்கள். அதற்குள் பஸ் நாற்பது நிமிடம் தாமதம்.

தாமதமானால் ஜனங்கள் ஜப்பானிலா போய்க் கேட்பார்கள்? பஸ் நிலையத்தில் என் டைம்கீப்பர் கூண்டுக்குத்தான் வருவார்கள். "ஏய்யா டைம்கீப்பரு, கடிகாரம் வச்சிருக்கியா, இல்ல காசிக்குப் போன மாமனார எதிர்பாத்து உக்காந்திருக்கியா?" என்று கம்பைநல்லூர்க் காய்கறி வியாபாரி ஒருவர் கேட்டார். நான் சும்மா இருப்பேனா? பஸ்ஸுக்கு முன்னால் யானை படுத்திருக்கிறது என்றேன். அடுத்த தடவை, டிரைவருக்கு டெல்லியிலிருந்து தந்தி என்றேன். மூன்றாவது தடவை பாலமே காணாமல் போய்விட்டது என்றேன். என் புளுகுத் திறமை முழுவதும் அந்தக் கயிற்றுக்குச் சேவகம் செய்தே தேய்ந்தது. ஆத்திரம் தாங்காமல் மேஸ்திரியிடம் போய்க் கத்துவேன்.

"ஆடற நட்டுக்கு ஒரு பஸ்ஸ நிறுத்துவீங்களா?"

"நிறுத்தத் தெரியாத பஸ்ஸ எதுக்குங்க ஓட்டணும்?" என்பார். அவ்வளவுதான் பதில்.

கதை ஒரு சோகமான இடத்துக்கு வந்தது. யுத்தம் முடிந்தபின் ஜப்பான் கம்பெனி நொடித்துப்போனது. தொழிலாளிகளில் ஒரு பகுதியை வீட்டுக்கு அனுப்ப வேண்டிய நிலை. யாரையும் அனுப்பமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்த தலைவர், அதாவது அந்தத் தறிக்காரரின் மகன், அவர்கள் போவதென்றால் நானும் போகிறேன் என்று ராஜினாமா எழுதிவிட்டார். அத்தோடு பக்கம் முடிகிறது. அடுத்த தாளை யாரோ கிரீஸ் துடைத்துப் போட்டுவிட்டிருந்தார்கள். மேஸ்திரி குப்பைத்தொட்டியைக் கவிழ்த்துத் தேடினார். கிடைக்கவில்லை.

"அவரு திரும்ப வந்தாரா, இல்லையா?" என்று அன்றைக்கு ஆரம்பித்தவர் கடைசிவரை விடவில்லை. பாதிரியாரிடம் கேட்டார். தாலுகா ஆபீஸில் கேட்டார். பத்திரிகைப் பிரதிநிதி என்று சொல்லிக்கொண்டு வந்த ஒரு பல்பொடி வியாபாரியிடமும் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை.

இதற்கிடையே முதலாளியின் பொறுமை தீர்ந்தது. எழுபதுகள் பிறந்திருந்தன. ஆடிப் பதினெட்டு நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு மாவட்டமே ஒகேனக்கல்லுக்குக் குளிக்கப் போகும். ஆறு பஸ்ஸும் போதாது. முதலாளி ஷெட்டுக்கு வந்து மணிக்கு நேர் கீழே நின்றார்.

"இந்தா பாரு சூசை. பதினெட்டு அன்னிக்கு இந்த மணி ஒரு தடவ அடிச்சுது, கயித்தோட நீயும் வெளிய போகணும். பஸ் கழுவற பொம்பள என் பஸ்ஸ நிறுத்தறா. நான் என்ன பொம்மையா?"

"அடிக்கோணும்னா அடிக்குமுங்க" என்றார் மேஸ்திரி.

அப்போது அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள், கல்யாணத்துக்கு நின்றார்கள். மண்டையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. மனிதர் ஒரு 'சரிங்க' சொல்லியிருக்கக் கூடாதா?

ஆடிப் பதினெட்டு. காலை ஏழு மணிக்கு மூன்றாம் நம்பர் பஸ். உள்ளே நூற்று இருபது பேர், கூரையில் நாற்பது பேர், ஏணியில் ஒரு முழுக் குடும்பமே தொங்கியது. ஒகேனக்கல்லில் உட்கார்ந்து திரும்பும் பஸ்களுக்கு நேரம் போட வேண்டிய பொறுப்பு எனக்கு. நானும் அதில்தான் ஏறினேன். கிளம்பும்போது முனியம்மா ஷெட்டுக்குள்ளிருந்து கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள். எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. பண்டிகைக்கு டாடா காட்டுகிறாள் என்று நினைத்து நானும் காட்டினேன்.

பென்னாகரம் தாண்டி மலையிறக்கம். இரண்டாவது வளைவில் மாரிமுத்து பிரேக்கை மிதித்தார். கால் தரைவரை போயிற்று.

"டைம்கீப்பரே, இது புடிக்கலீங்க" என்றார், யாருக்கும் கேட்காத குரலில்.

பிறகு நடந்ததை நான் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். பஸ் போன வேகத்தில் எங்கள் அலறல் எங்களுக்குப் பின்னால்தான் வந்துகொண்டிருந்தது. சாலையோரக் குரங்குகள் வரிசையாக எழுந்து நின்று கும்பிட்டன. கூரையில் இருந்த ஒருவரின் வேட்டி காற்றில் கிளம்பி, காவிரியைத் தாண்டிப் பக்கத்து மாநிலத்தில் போய்க் காய்ந்தது. கூடைக்குள் இருந்த சேவல் முட்டையிட்டது. மாரிமுத்து கியரைக் குறைத்துக் குறைத்து, பஸ்ஸின் இடது பக்கத்தை மலைச்சரிவின் மண்ணில் தேய்த்துத் தேய்த்து ஒரு புளியமரத்துக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தினார். அவருடைய மணிக்கட்டு ஒடிந்தது. ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு நெற்றியில் காயம். வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. கர்ப்பிணிப் பெண் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "இத யாரும் பாக்காமயாங்க அனுப்புனாங்க?"

மத்தியானம் ஷெட்டில் முதலாளி, மேஸ்திரி, கையில் கட்டோடு மாரிமுத்து, நான், முனியம்மா. முதலாளி வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரி ஆரம்பித்துவிட்டார்.

"பஸ்ஸு ஏன் நிக்கல?"

"பிரேக் புடிக்கலீங்க" என்றார் மாரிமுத்து.

"ஏன் புடிக்கல?"

"பின் சக்கரத்துல பிரேக் ஆயில் ஒழுகிப்போச்சுங்க."

"ஒழுகறத யாரும் பாக்காம ஏன் வண்டி கெளம்புச்சு?"

"நான் பாத்தனுங்க!" முனியம்மா அழுதுவிட்டாள். "கழுவறப்ப சக்கரத்து உள்பக்கம் நனைஞ்சிருந்துச்சுங்க. கயித்த மூணு தடவ இழுத்தேன் சாமி. மணி அடிக்கலீங்க. கையக்கூட ஆட்டினேன், இவுரு டாட்டா காட்டிட்டுப் போறாரு."

"மணி ஏன் அடிக்கல?"

மேஸ்திரி மணியை அண்ணாந்து பார்த்தார். மணிக்கு நேர் கீழே ஒரு ஸ்டூல் இருந்தது. சிவப்புப் பெயின்ட் அடித்த உயரமான ஸ்டூல். அந்த ஷெட்டில் அப்படி ஒரு ஸ்டூலே கிடையாது. அது பஸ் நிலையத்தில், என் கூண்டில் இருக்க வேண்டியது. அதன் மேல் ஏறி மணிக்குள் கையை விட்டுத் துழாவினார், ஜப்பான் தலைவர் எண்ணெயில் துழாவியதுபோல.

"நாக்கு இல்ல" என்றார்.

நான்கு கேள்வி முடிந்தது. ஐந்தாவது மீதி. நாக்கு ஏன் இல்லை? எல்லோரும் அதற்காகத்தான் நின்றுகொண்டிருந்தோம். அவர் இறங்கினார். ஸ்டூலைக் காலால் மெல்ல நகர்த்தினார். பிறகு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார், யாரும் அதைக் கவனிக்க முடியாதபடி.

"அஞ்சாவது கேள்வி எனக்குங்க. மணிய தெனம் பாக்க வேண்டியது நான். பாக்கல. அந்த ஜப்பான் தலைவர் போன மாதிரி நானும் போயிக்கிறேன்."

"போ. அந்த மணியையும் எடுத்துட்டுப் போ" என்றார் முதலாளி.

ஒரே மூச்சில் ஐம்பது புளுகு சொல்லும் என் வாய், நான்கு வார்த்தை உண்மை சொல்லத் திறக்கவில்லை. மணியின் நாக்கு எங்கே போயிற்று என்று பிறகு ஷெட்டில் பேச்சு வந்தபோது, பெருச்சாளி தூக்கிப் போயிருக்கும் என்றேன். பித்தளை தின்னும் பெருச்சாளி பிக்கிலி மலையில் உண்டு, நானே கண்ணால் பார்த்தேன் என்றேன். மாரிமுத்து என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு அவர் என்னோடு டீ குடித்ததில்லை.

மேஸ்திரி இண்டூரில் பம்புசெட் ரிப்பேர் கடை போட்டார். கடையின் உத்தரத்தில் அந்த மணியை மாட்டியிருந்தார், நாக்கில்லாமலே. ஒரு போல்ட்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தால் அடித்திருக்கும். அவரிடம் ஆயிரம் போல்ட் இருந்தது. கட்டவில்லை. அந்தக் காலி மணிக்குக் கீழே உட்காரும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேளய்யா! கேட்டுத் தொலை! ஊருக்கெல்லாம் ஐந்து தடவை கேட்டாயே, என்னிடம் ஒரு தடவை கேட்கக் கூடாதா?

அவர் கேட்டதெல்லாம் வேறு. "கோவிந்து, அந்தத் தலைவர் திரும்ப வந்தாரான்னு எங்கியாச்சும் தெரிஞ்சுதுங்களா?"

ஒருநாள் பொறுக்க முடியாமல் அவிழ்த்துவிட்டேன். வந்தார் என்றேன். தொழிலாளிகள் ஆயிரம் பேர் அவர் வீட்டு வாசலில் போய் நின்றார்கள், அவரை அந்தக் கம்பெனி காரிலேயே உட்கார வைத்து, எஞ்சினைப் போடவிடாமல், பட்டறைக் கயிற்றைக் கட்டிக் கையாலேயே இழுத்துக்கொண்டு போனார்கள், வழியெல்லாம் பூ, முன்னால் இரண்டு யானை என்றேன்.

"ஜப்பான்ல ஏதுங்க யானை?"

"நம்மூருலருந்து அனுப்புனது."

மேஸ்திரி கண்ணில் நீர் வரச் சிரித்தார். "புளுகுனாலும் நல்லாத்தான் புளுகறீங்க. யானைய எடுத்துட்டா நம்பலாம்" என்றார். அவர் முகம் தெளிந்திருந்தது. அந்தத் தெளிவைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்தது.

"மேஸ்திரி, அந்த நாக்கக் கழட்டுனது நான்தான்."

காரணமும் வைத்திருந்தேன். மணி அடித்தால்தானே அவருக்கு வேலை போகும், அடிக்காவிட்டால் மூன்று பெண் பிள்ளைகளும் கரையேறும் என்று, ஆடிப் பதினேழாம் தேதி சாயங்காலம் எல்லோரும் டீக்குப் போயிருந்தபோது ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போனேன். அவரைக் காப்பாற்றப் போனேன். இதையெல்லாம் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் விடவில்லை.

"யானையே தேவலாமுங்க" என்றார். "அத பெருச்சாளி தூக்கிட்டுப் போச்சுன்னு நீங்கதான சொன்னீங்க? ஒரு கதைய ரெண்டு விதமா சொல்லாதீங்க கோவிந்து. போங்க, ரெண்டு டீ சொல்லிட்டு வாங்க."

அதுதான் நாங்கள் கடைசியாகக் குடித்த டீ.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். முனியம்மா வந்திருந்தாள். மாரிமுத்துவும் வந்திருந்தார், என் பக்கத்தில் நின்றார். கல்லறையிலிருந்து திரும்பியதும் மேஸ்திரியின் மனைவி மணியைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். "உங்களுக்குக் குடுக்கச் சொல்லி வச்சிருந்தாருங்க. எதுக்குன்னு சொல்லலீங்க."

இப்போது அது என் கூண்டில் தொங்குகிறது. அவர் என்னிடம் விட்டுப் போனது இந்த மணி ஒன்றுதான். ஆறு வருடமாக என் மேசை இழுப்பறையில் கிடந்த நாக்கை அதில் மாட்டிவிட்டேன். பஸ் தாமதமானால் இப்போதெல்லாம் நான் யானையைக் கூப்பிடுவதில்லை. ஏதோ பிழை, பார்க்கிறார்கள், இருங்கள் என்று மட்டும் சொல்கிறேன். ஜனங்கள் அதைத்தான் நம்ப மறுக்கிறார்கள்.

குரங்குகள் கும்பிட்டது பொய். சேவல் முட்டையிட்டது பொய். வேட்டி ஆற்றைத் தாண்டவில்லை. பிக்கிலி மலையில் பித்தளை தின்னும் பெருச்சாளி கிடையாது. ஜப்பான் தலைவர் திரும்ப வந்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இத்தனை நீளக் கதையில் விரல் நீளத்துக்கு ஒன்று மட்டும் உண்மை: அந்த நாக்கைக் கழற்றியவன் நான்.

ஏன் என்று கேளுங்க, மேஸ்திரி.